ஆளைப் பார்த்து அணி சேர்ப்பது: போக்கிமான் கதாபாத்திரம் உருவாக்கத் தொடங்குவோருக்கு

போன மாதம் கள்ளப்பாடு என்ற ஊர்த் தம்பி ஒருவன் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். அவனுடைய அப்பப்பாவைப் போக்கிமான் பயிற்சியாளராக வரைந்திருந்தான். மடித்துக் கட்டிய சாரம், தோளில் துவாய், காதில் செருகிய சுருட்டு, எல்லாம் அச்சு அசல். பக்கத்தில் ஆறு போக்கிமான்: கயோக்ர், ரேக்குவாஸா, மியூடூ என்று ஆறுமே பலத்துக்குப் பேர்போனவை. “அப்பப்பா இதுகளை எங்கே பிடிச்சவர்?” என்று கேட்டேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அவன் அப்பப்பா முல்லைத்தீவுக் கடற்கரையில் நாற்பது வருஷமாகக் கரைவலை இழுத்தவர். அந்த வாழ்க்கையில் ஒரு துளிகூட அந்த ஆறுக்குள் இல்லை. படத்திலிருந்து அவரை அழித்துவிட்டு வேறு யாரை வரைந்தாலும் அந்த அணி அப்படியே பொருந்தும். அப்படியென்றால் அது யாருக்குமே பொருந்தாத அணி. அன்றைக்கு அவனோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கதை எழுதுவோர், படக்கதை வரைவோர், நண்பர்களோடு கொப்பியில் விளையாடுவோர் எல்லோருக்கும் உதவும். விளையாட்டுக் கருவி கையில் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், போக்கிமான்களின் விவரம் பார்க்க ஒரு போன் போதும்.

புதியவர்களுக்கு அடிப்படை மட்டும்: போக்கிமான் என்பவை அதே பெயருள்ள வீடியோ விளையாட்டுகளில் வரும் கற்பனைப் பிராணிகள். அவற்றைப் பிடித்துச் சண்டைக்குப் பழக்குபவர்தான் பயிற்சியாளர். ஒரு பயிற்சியாளர் ஒரு நேரத்தில் ஆறு போக்கிமான் வரை கூட வைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நீர், நெருப்பு, புல், நிலம் என்று 18 வகைகளில் ஒன்றோ இரண்டோ இருக்கும். சண்டைக்கு நான்கு தாக்குதல்கள், அதோடு பிறவிக் குணம் போல ஒரு ‘திறன்’. போக்கிடெக்ஸ் என்ற கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு மூன்று வரி எழுதியிருக்கும். அந்த வரிகள்தான் நமக்கு முக்கியம்.

முதலாவது படி: ஆளை எழுதுங்கள்

போக்கிமான் பட்டியலை இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம். கொப்பியில் ஆளின் பெயரை எழுதி, கீழே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். விடிந்ததும் இவர் முதலில் என்ன செய்வார்? இவர் கையில் எப்போதும் என்ன இருக்கும்? இவருக்கு எதற்குப் பயம்?

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த கேள்வி. தம்பி தன் அப்பப்பாவுக்கு எழுதிய பதில் இது: “கயிறு இழுக்க ஆள் வராமப் போயிடுமோ எண்டு பயம்.” அணியின் பாதி அந்த வரியிலேயே கிடைத்துவிட்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது படி: இவர் நடமாடும் நிலத்தைப் பாருங்கள்

ஒருவர் எங்கே வாழ்கிறாரோ அங்கே கிடைப்பதைத்தான் பிடிப்பார். 2010இல் வந்த பிளாக், வைட் விளையாட்டுகளில் ‘N’ (என்) என்ற ஒற்றை எழுத்துப் பெயரோடு ஒரு பாத்திரம் வருவான். போக்கிமான்களை மனிதர்கள் அடைத்து வைக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. அதனால் ஒவ்வொரு முறை நாம் அவனைச் சந்திக்கும்போதும் அவன் அணி வேறாக இருக்கும், அந்தந்த இடத்தைச் சுற்றி வாழ்பவையே கூட வரும். பாலைவனத்துக்குப் பக்கத்து நகரத்தில் சந்தித்தால் பாலைவனத்துப் போக்கிமான்கள். அவன் வாய் திறந்து கொள்கை பேசாவிட்டாலும் அணியே பேசிவிடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். சுண்டிக்குளத்துப் பறவைகளைக் கணக்கெடுப்பவரை எழுதினால் ஃப்ளமிகோ என்ற பூநாரைப் போக்கிமான் இருக்கிறது. எருமைப் பட்டி வைத்திருப்பவருக்கு பூஃபலன்ட். ஆனால் காட்டோரத்தில் வயல் செய்து, யானைக்குப் பயந்து இரவெல்லாம் பரணில் காவல் இருக்கும் ஒருவருக்கு டான்ஃபன் என்ற யானைப் போக்கிமானைக் கொடுத்துவிடாதீர்கள். யானை அவர் ஊரில் உண்டு, அவர் அணியில் இல்லை. வேண்டுமானால் கதையின் கடைசியில் ஒரு குட்டி அவர் பின்னால் வரட்டும். அதற்கு நீங்கள் பல பக்கம் உழைக்க வேண்டும்.

மூன்றாவது படி: போக்கிடெக்ஸ் வரிகளை முழுதாக வாசியுங்கள்

உருவத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்து நானே ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னால் கடலிலிருந்து நீர் எடுத்துவந்து அந்த நீரில் விளக்கெரிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை நினைத்து, கடல்நீர் சுமந்து வரும் ஒரு பெரியவரைப் பாத்திரமாக எழுதினேன். விளக்குத்தானே என்று லிட்விக்கைக் கொடுத்தேன். சின்ன மெழுகுதிரி, தலையில் ஊதாச் சுடர், பார்க்க அவ்வளவு அழகு.

பிறகுதான் வாசித்தேன். வழிகாட்டுவது போல வெளிச்சம் காட்டி, பின்னால் வருகிறவர்களின் உயிர்ச் சக்தியை உறிஞ்சும் பிராணி அது. அந்தச் சுடருக்கு எண்ணெயே அந்த உயிர்தான். ஊருக்காக நேர்ந்துகொண்டு வெறுங்காலோடு நடக்கும் ஒரு மனிதருக்கு அதைப்போய்க் கொடுத்திருக்கிறேனே என்று மனம் சங்கடப்பட்டது. அன்றைக்கே கிழித்துவிட்டேன்.

கடலும் வெளிச்சமும் சேர்ந்தது எது என்று தேடியபோது லான்டர்ன் கிடைத்தது. நீர், மின்சாரம் இரண்டும் சேர்ந்த வகை. ஆழ்கடல் நட்சத்திரம் என்று அதற்குப் பட்டப்பெயர். சுமார் ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அது விடும் ஒளி கடலின் மேற்பரப்பு வரை தெரியுமாம். சின்சூ என்ற குட்டி 27ஆம் லெவலில் (லெவல் என்பது பழகப் பழக ஏறும் பலத்தின் படி) லான்டர்னாக வளரும். இப்போது என் கதையில் அந்தப் பெரியவரிடம் இருப்பது அந்த லான்டர்ன் ஒன்றுதான். அது சண்டை போடாது. இரவில் கரை திரும்பும் படகுகளுக்கு வெளிச்சம் காட்டும், அவ்வளவுதான். சண்டை போடாத அணியும் அணிதான் என்பது என் உறுதியான கருத்து.

நான்காவது படி: தொழிலைச் செய்கிற விதத்தோடு பொருத்துங்கள்

மீனவர் என்றால் மீன், தேன் எடுப்பவர் என்றால் தேனீ. இது தொடக்கம் மட்டுமே. அடுத்த அடி வைக்க, அந்தத் தொழிலுக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கரைவலையை எடுங்கள். ஒரு படகு வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்துப்போட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, அம்பாப் பாட்டுக்குக் கால் வைத்து, கயிற்றை இழுப்பார்கள். ஒருவராக நின்றால் அந்த வலை ஒரு முழம்கூட அசையாது. சரி, இப்போது விஷிவாஷியைப் பாருங்கள். 2016இல் சன், மூன் விளையாட்டுகளோடு வந்த நீர்வகை மீன். தனியாக 0.2 மீட்டர் நீளம், சண்டைக்கு எதற்கும் ஆகாது. ஆபத்து வந்தால் அதன் கண்கள் கலங்கி மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கண்டு கூட்டாளிகள் ஓடிவந்து ஒன்றாகச் சேர, 8.2 மீட்டர் நீளமான ஒரே பெரிய மீனாக நிற்கும். இருபதாம் லெவலிலிருந்துதான் இது முடியும். உயிர்ப்புள்ளி கால்வாசிக்குக் கீழே போனால் கூட்டம் கலைந்து, மறுபடியும் அந்தச் சின்ன மீன் தனியே நிற்கும்.

இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கயிறு இழுக்க ஆள் வராமல் போய்விடுமோ என்ற அப்பப்பாவின் பயம் அந்த மீனுக்குள்ளேயே இருக்கிறதே! அவன் ஒன்றும் பேசாமல் அழிறப்பரை எடுத்து கயோக்ரை அழிக்கத் தொடங்கினான்.

தேன் எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. கொம்பி என்ற தேனீ எல்லோர் நினைவுக்கும் வரும். நான் டெடியர்சாவைச் சொல்வேன். பழங்களையும், பீட்ரில் என்ற குளவிப் போக்கிமான் சேர்க்கும் மகரந்தத்தையும் கலந்து தானே தேன் செய்து, அதில் ஊறிய உள்ளங்கையை நக்கிக்கொண்டிருக்கும் கரடிக்குட்டி. வன்னிக் காட்டில் தேனுக்குப் போகிறவர் எதற்குப் பயப்படுவார் என்று கேட்டுப் பாருங்கள், கரடி என்றுதான் முதலில் சொல்வார். பயப்படும் மிருகத்தின் குட்டி அவர் காலைச் சுற்றி வந்தால், அங்கே ஒரு கதை இருக்கிறது.

ஐந்தாவது படி: எண்ணிக்கையையும் லெவலையும் ஆளே தீர்மானிக்கட்டும்

ஆறு இடம் இருக்கிறது என்பதற்காக ஆறையும் நிரப்ப வேண்டாம். 1996இல் ஜப்பானில் வந்த முதல் விளையாட்டுகளில் ப்ரோக் என்ற முதல் ஜிம் தலைவரிடம் (ஜிம் என்பது பயிற்சியாளர்கள் போய்ச் சவால் விடும் இடம்) இரண்டே இரண்டுதான்: 12ஆம் லெவல் ஜியோடூட், 14ஆம் லெவல் ஓனிக்ஸ். இரண்டுமே பாறை. அந்த இரண்டைப் பார்த்ததும் அவன் எப்படிப்பட்டவன் என்று பிடிபட்டுவிடும்.

எல்லாம் ஆளைப் போலவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஸ்கார்லட், வயலட் விளையாட்டுகளில் வரும் லேரி ஒரு அலுவலக ஊழியர், ஓயாத வேலையில் களைத்துப்போன முகம். அவர் அணியில் கொமாலா இருக்கிறது. பிறந்ததிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கும் பிராணி. அவருக்குக் கிடைக்காத ஒன்றை அது அனுபவிக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த மனிதர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

எல்லாப் படியையும் ஓரிடத்தில்: சித்தியின் அணி

என் சித்தி கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் பல வருஷம் போனவர். விடியமுன் வாகனம் வரும். வெயிலில் கனமான அங்கியும் முகக்கவசமும் போட்டு, முழங்காலில் இருந்து, நாள் முழுக்கச் சில சதுர மீட்டர் நிலத்தை மட்டும் சோதிப்பார். அவரைப் பாத்திரமாக எழுத எனக்கு நெடுநாள் ஆசை, தவறாக எழுதிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அதனால் மெதுவாகத்தான் செய்தேன்.

முதலில் எதிராளி. வோல்டோர்ப். முதல் விளையாட்டுகளில் மின்நிலையத்துக்குள் போனால் தரையில் பொருள் கிடப்பது போல உருண்டை உருண்டையாகக் கிடக்கும். ஆசையோடு போய் எடுத்தால் அது வோல்டோர்ப், வெடிக்கக்கூடியது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படம் போட்டுச் சொல்லித் தந்தது இதைத்தானே: கிடக்கிற பொருளைத் தொடாதே, எடுக்காதே, பெரியவர்களிடம் சொல். அதனால் வோல்டோர்ப் சித்தியின் அணியில் வரவே கூடாது.

பிறகு துணை. லிலிபப் என்ற நாய்க்குட்டி. அதன் முகத்து நீண்ட மயிர் ராடார் போல, சுற்றுப்புறத்தில் நடக்கும் சின்ன மாற்றத்தையும் உணரும். முன்னால் நடக்க அது சரி.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகியது. போக்கிமானில் ‘திறன்’ என்ற விஷயம் 2002இல் ரூபி, சஃபயர் விளையாட்டுகளோடு வந்தது. அவற்றில் டேம்ப் என்று ஒன்று, ஈரலிப்பு என்று சொல்லலாம். இந்தத் திறன் உள்ள போக்கிமான் களத்தில் நிற்கும் வரை செல்ஃப் டிஸ்ட்ரக்ட், எக்ஸ்ப்ளோஷன் போன்ற வெடிக்கும் தாக்குதலை யாராலும் செய்ய முடியாது. எதிரியாலும் முடியாது, கூட்டாளியாலும் முடியாது. அது அடிக்க வேண்டியதில்லை, அங்கே நின்றாலே போதும். வூப்பருக்கும், அது 20ஆம் லெவலில் வளர்ந்து ஆகும் க்வாக்ஸைருக்கும் இந்தத் திறன் இருக்கலாம். நீர், நிலம் இரண்டும் சேர்ந்த வகை. க்வாக்ஸைரின் அடிப்படை வேகம் வெறும் 35. போட்டிக்கு விளையாடுகிறவர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். சித்தியின் வேலையில் வேகமாகப் போகிறவர் வீடு திரும்ப மாட்டார். இந்த அணிக்கு அந்த 35தான் சரியான எண்.

இரண்டே இரண்டு. லிலிபப், க்வாக்ஸைர். அதற்குமேல் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாகச் செய்ய வேண்டியது, அணியின் பலவீனத்தைப் பார்ப்பது. ஒவ்வொரு அணிக்கும் ஒன்று இருக்கும். அதை மறைக்காமல் கதைக்குள் கொண்டுவாருங்கள். க்வாக்ஸைருக்குப் புல்வகைத் தாக்குதல் பட்டால் நான்கு மடங்கு வலிக்கும். மற்ற எந்த வகைக்கும் அது அப்படிப் பயப்படத் தேவையில்லை. இதை எழுதி முடித்த கொப்பியைச் சித்தியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி வைத்து வாசித்தார். புல் என்ற இடத்தில் விரல் நின்றது. அவர்கள் நிலத்துக்குள் இறங்கினால் கருவியைத் தொடமுன் முதலில் செய்யும் வேலை புல் வெட்டுவதுதானாம். கொஞ்சம் கொஞ்சமாக, கையால். எது எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் மூடி வைத்திருப்பது அந்தப் புல்தானாம்.

“இது உனக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார்.