ஊரில் கல்லறை தேடிப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு சைவ வீட்டில் போய் "அம்மம்மாவின் கல்லறை எங்கே?" என்று கேட்டால் வீட்டார் கொஞ்சம் முழிப்பார்கள். உடலை எரித்து, காடாற்றி (எரிந்த இடத்தைப் பால், நீர் தெளித்து ஆற்றி), சாம்பலைப் பெரும்பாலும் கீரிமலைக் கடலில் கரைத்திருப்பார்கள். கல் நடும் வேலையே அங்கே கிடையாது. "எந்தச் சுடலையில் எரித்தது?" என்று கேளுங்கள், உடனே பதில் வரும். பத்திரிகை மரண அறிவித்தலில் 'கோம்பயன்மணல் இந்து மயானம்', 'வில்லூன்றி இந்து மயானம்' என்று போடுவார்கள். பேச்சில் எல்லாமே சுடலைதான்.

சரி, பதில் கிடைத்தாலும் அங்கே போய்ப் பார்க்க ஒன்றும் இராது. சாவு இல்லாத நாளில் சுடலைப் பக்கம் போவதைப் பெரியவர்கள் விரும்பவும் மாட்டார்கள். பெண்கள் போவது முன்பு வழக்கமே இல்லை. இப்போது சிலர் போகிறார்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அதற்குப் பதிலாக "கல்வெட்டு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் கல்வெட்டு என்றால் கோயில் சுவர் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் அது அந்தியேட்டி என்ற 31ஆம் நாள் கிரியையோடு வெளியிடும் நினைவுப் புத்தகம். முகப்பில் படம், உள்ளே தேவாரம், இறந்தவரின் வரலாறு, சரமகவிகள் (இரங்கற் பாக்கள்), பல புத்தகங்களில் வம்சாவளியும் இருக்கும். முன்பக்கங்களில் வரும் திதி வெண்பாவைத் தவற விடாதீர்கள். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அந்த நான்கு வரிக்குள் அடங்கியிருக்கும். வெளிநாட்டில் இருந்து திவசம் செய்யத் திதி தெரியாமல் தடுமாறுபவர்களுக்கு இதைவிட நல்ல பதிவு இல்லை. வீட்டு அலுமாரியில் கறையான் தின்றிருந்தால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடலாம்; நினைவு மலர்கள் நிறைய அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. பிரதி கிடைத்தால் முழுப் புத்தகத்தையும் படம் எடுத்து வையுங்கள். வம்சாவளிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் பலர்.

கல்லாகவே இருக்கும் நினைவு ஒன்றும் உண்டு, தெருவோரத்தில். நிமிர்த்திய இரு தூண்களின் மேல் ஒரு கிடைக்கல் வைத்தது சுமைதாங்கி. கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் அதில் இறக்கி வைத்து ஆறுவார். பக்கத்தில் மாடு உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக் கல்லும் சில இடங்களில் நிற்கிறது. இந்தக் கற்களை வீதி அகலிக்கும் வேலையில் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். உங்கள் ஊரில் ஒன்று மிச்சம் இருந்தால், யார் நினைவாக வைத்தது என்று கிழவர் கிழவிகளிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

கத்தோலிக்கர் வீட்டில் கல்லறை என்ற சொல் பிழையில்லை. அடக்கம் செய்யும் இடத்துக்கு மட்டும் 'சேமக்காலை' என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இதையே கல்லறைத் தோட்டம் என்பார்கள். பெயர் பொறித்த கல் இல்லாவிட்டால் பங்குத்தந்தையிடம் போய் மரணப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கலாம். கட்டாமல் விட்ட குழியில் காலப்போக்கில் இன்னொருவரை அடக்குவது பல இடங்களில் நடப்பதுதான், அதனால் சண்டைக்குப் போக வேண்டாம். நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நாளை ஒட்டிப் போனால் கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூவும் மெழுகுதிரியும் வைத்திருப்பார்கள். உறவினரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

முஸ்லிம் நண்பரின் இறந்துபோன தகப்பனாரை அடக்கிய இடத்தைப் பார்க்கப் போனால் அந்த இடம் மையவாடி, குழி கப்ர், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுவது மீசான் கல். பெயரே இல்லாத வெறும் கல்லாக இருப்பது சாதாரணம். அதைப் புறக்கணிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பளிங்கில் பெரிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஆர்வத்தில் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். மார்க்கத்தில் அதற்கு உடன்பாடில்லை என்பவர்கள் பலர். கப்ரை மிதிக்காமல் நடந்தால் போதும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு இந்த மையவாடிகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

போரில் இறந்த புலிப் போராளிகளுக்கான மாவீரர் துயிலும் இல்லங்களில் சொற்கள் இன்னும் கறாரானவை. உடல் அடக்கம் செய்யப்பட்டிருந்தால் கல்லறை, உடல் கிடைக்காதவருக்கு நடுகல். உடலை வித்துடல் என்பார்கள். புதைத்தது என்று சொல்வதில்லை, விதைத்தது என்பார்கள். பெற்றோரிடம் பேசும்போது இதில் கவனம் தேவை. இந்த இல்லங்களை இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியதால் குறித்த ஒரு கல்லைத் தேடிப் போவதில் பயனில்லை. கோப்பாயில் அந்த இடத்தில் இராணுவ முகாம் இருக்கிறது. கிளிநொச்சி கனகபுரத்தில் உடைந்த கற்களை ஒன்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27 மாலை ஆறு மணி கடந்ததும் விளக்கேற்றுவார்கள். போகலாம், ஆனால் புலிகள் இயக்கம் இலங்கையில் தடை செய்யப்பட்ட அமைப்பு. கொடி, இலச்சினை எதையும் கொண்டுபோகாதீர்கள். அழுகிற தாயின் முகத்தைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணைக்கு வருகிறவர்கள் அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

புதிதாகக் கல் பொறிக்கக் கொடுக்கிறவர்கள் வாசகத்தைத் தாளில் எழுதியே கொடுங்கள். பிறப்பு–இறப்பு, தோற்றம்–மறைவு, மலர்வு–உதிர்வு என்று எதைப் போடுவது என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும். சைவருக்கு 'அமரர்', முஸ்லிம்களுக்கு 'மர்ஹூம்' என்று முன்னால் வரும். இதை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. முதலெழுத்தோடு நிறுத்தாமல் தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் முழுதாகப் போடச் சொல்லுங்கள். பொறிக்கத் தொடங்குமுன் கல்லில் கீறிய எழுத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, வீட்டில் இருவர் வாசித்துச் சரி சொன்ன பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.