வரத்துக்கால் கரையைப் பசுமைப் பாதையாக்கும் முன்: ஊர்க்கருத்து கேட்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஓடைகளும், ஏரியான கண்மாய்க்கும் ஊர்க்குளமான ஊருணிக்கும் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களும் ஆண்டில் முக்கால்வாசி நாள் காய்ந்துதான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் அடித்துப் பெய்தால் அதே கால் ரோட்டு மேல் ஏறும். அப்படிப்பட்ட நீர்த்தடத்தின் கரையில் மரம், நடைபாதை, உட்கார இடம் என்று அமைக்க நினைக்கும் இளைஞர் குழுக்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இந்த விளக்கம்.

வழக்கமாகப் படம் வரைந்து முடித்த பிறகுதான் ஊரைக் கூட்டுகிறார்கள். அப்போது ‘நல்லாருக்கு’ என்று சொல்வதைத் தவிர ஊருக்கு வேலை இல்லை. வரைவதற்கு முன்பே கேட்க வேண்டும். அதிலும் ‘என்ன வேணும்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். நீரூற்று, ஜிம், செல்ஃபி பாயின்ட் என்று பட்டியல்தான் வரும். ‘இங்கே என்ன நடக்குது?’ என்று கேளுங்கள். எந்தக் குழாயிலிருந்து சாக்கடை விழுகிறது, எந்தப் பாலத்தடியில் தண்ணீர் முட்டுகிறது, பள்ளிப் பிள்ளைகள் எங்கே இறங்கிக் கடக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

கீழே உள்ளது சுமார் 1 கிலோமீட்டர் தடத்துக்கும் இருபுறமும் 300 வீடுகளுக்கும் போட்ட கணக்கு. 10 பேர் இருந்தால் போதும். ஆவணி, புரட்டாசியில் தொடங்கினால் மழைக்கு முன் முதல் சுற்று முடியும்.

படி 1: தடம் யாருடையது?

அரசின் நில ஆவண இணையதளத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் (சர்வே நம்பர்) நிலத்தின் அளவு காட்டும் புலப்படமும், நில வகை சொல்லும் அ-பதிவேடும் எடுங்கள். ஓடை, வாய்க்கால், ஊருணி என்று எது எப்படிப் பதிவாகியிருக்கிறது, அகலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊருணி பொதுவாக உள்ளாட்சியின் பொறுப்பு. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. ஒரே கால் இரண்டு மூன்று அலுவலகங்களின் எல்லையைத் தாண்டி ஓடும். அதில் ஒன்றை விட்டுவிட்டால் வேலை பாதியில் நிற்கும். எனவே எல்லோருக்கும் முதல் வாரமே கடிதம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

படி 2: கரைமேல் குடியிருப்பவர்களிடம் முதலில் போங்கள்

இதை அவசரப்படுத்தவே கூடாது. கரையில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு டேப்பும் நோட்டுமாக யார் வந்தாலும் ‘வீட்டை எடுக்கப் போறாங்க’ என்றுதான் தோன்றும்; அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து பேசும்வரை அங்கே எதையும் அளக்காதீர்கள். ‘வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த அதிகாரம் உங்களிடம் இல்லை. உங்கள் குழு யார், என்ன கேட்கிறீர்கள், எழுதுவது யாரிடம் போகும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். வெள்ளம் முதலில் ஏறுவது அவர்கள் வாசலில்தான். அந்தத் தடத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

படி 3: நடந்து பார்த்து, தண்ணீர் மட்டம் எடுங்கள்

முன்பு மடை பார்த்தவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஓரத்து வீட்டுப் பெண்கள் என்று எட்டுப் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு, கால் போய்ச் சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி நடங்கள். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் நின்று, ‘தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?’ என்று கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் சுவரிலோ கம்பத்திலோ மழையில் அழியாதபடி பெயின்டால் கோடு போடுங்கள். எந்த ஆண்டு மழை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிறகு அந்தக் கோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் 15 மீட்டர் டியூப் மட்டமே இதற்குப் போதும். குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையைப் பாலத்துத் தளத்தின் மேல்மட்டத்தில் பிடித்து, மறுமுனையைக் கோட்டருகே கொண்டுபோய் வித்தியாசத்தை அளந்து, அங்கிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவ வேண்டும்; குழாய் எட்டாத தூரத்துக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தப்பிவிடும். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சமமாக நிற்காவிட்டால் குமிழி இருக்கிறது. குழாயை விரலால் தட்டி அதை மேலே ஏற்றி வெளியேற்றிய பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 10 ஹெக்டேர் தெருக்களிலும் கூரைகளிலும் 60 மில்லிமீட்டர் பெய்து, அதில் பாதி ஓடி வந்தாலே 30 லட்சம் லிட்டர். வரத்துக்காலைக் குறுக்கி இருபுறமும் சிமென்ட் பாதை போட்டால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் போகும். ஊருணிக்கும் வந்து சேராது.

சிங்கப்பூர் போய்வந்த யாராவது பீஷான் பூங்காவின் போட்டோவைக் காட்டி ‘இதே மாதிரி பண்ணலாமே’ என்பார்கள். நல்ல உதாரணம்தான். 2.7 கிலோமீட்டர் நேர் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை அங்கே 3.2 கிலோமீட்டருக்கு வளைந்தோட விட்டார்கள். 2012இல் பூங்கா திறந்தது. மழையில் ஆறு புல்வெளிமேல் பரவ இடம் விட்டு, மட்டம் ஏறினால் எச்சரிக்கச் சைரனும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஆண்டு முழுக்க மழை. நமக்குப் பெருமழை மூன்று மாதம். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தண்ணீர் பரவ இடம் விடும் அந்த யோசனையைத்தான். பச்சைப் புல்தரை இங்கே சித்திரை வெயிலுக்குத் தாங்காது. கரைக்கு வெட்டிவேர், மேலே புங்கன், மருது, பனை என்று பேசுங்கள்.

படி 4: வரைபடமும் ஸ்டிக்கர் பொட்டும்

1:500 அளவில் 1 கிலோமீட்டர் 2 மீட்டர் நீளமாக வரும். இரண்டு ஏ0 தாள் போதும். கோயில், பள்ளி, ரேஷன் கடை, பெரிய மரம் ஆகியவற்றைப் பெயரோடு போடுங்கள். பலருக்கு வரைபடத்தில் திசை பிடிபடாது, அடையாளம் பிடிபடும். ஃபேன்சி ஸ்டோர் ஸ்டிக்கர் பொட்டு நாலு நிறம் வாங்குங்கள். தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீலம், நாற்றம் அல்லது பயம் உள்ள இடத்துக்குச் சிவப்பு, கடக்கும் வழிக்கு மஞ்சள், கைவைக்கக் கூடாத இடத்துக்குப் பச்சை. பொட்டு பக்கத்தில் எண் போட்டு, காரணத்தை நோட்டில் எழுதுங்கள். காரணம் எழுதாத பொட்டு வீட்டுக்கு வந்தபின் எதற்கும் உதவாது.

தாளை ஒரே இடத்தில் விரிக்காதீர்கள். ஒரு தெருக்காரர்களின் மண்டபத்துக்கு அடுத்த தெருக்காரர்கள் வர மாட்டார்கள். காரணம் ஊருக்கே தெரியும். ரேஷன் கடை வாசல், பள்ளி, சந்தை என்று எல்லோரும் புழங்கும் மூன்று இடங்களிலாவது விரியுங்கள். காலை 11 மணிக் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற ஆண்கள்தான் வருவார்கள். மாலை 5 மணிக்கு மேல் வைத்தால் பெண்கள் வருவார்கள். விளக்கு, கழிப்பறை, மறைவான மூலை பற்றியெல்லாம் அப்போதுதான் பேச்சு வரும்.

படி 5: வீடு வீடாக

இருவர் இருவராக 5 குழு. ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. ஒரு மாலைக்கு ஒரு குழு 15 வீடு. நாலு மாலையில் 300 வீடு முடியும். கேள்வி மூன்றே மூன்று: இந்த வரத்துக்காலை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? மழையில் என்ன ஆகிறது? எது மாறக் கூடாது?

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் பூட்டிய வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். வீடு பார்த்துக்கொள்பவரிடம் எண் வாங்கிப் போனில் கேளுங்கள், ஆனால் அந்தப் பதில்களைத் தனித்தாளில் வையுங்கள். தினமும் கரையில் நடக்கும் ஆச்சியின் பதிலையும், ஆண்டுக்கு இரண்டு முறை வருபவரின் பதிலையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு பொய்யாகிவிடும்.

படி 6: சுண்ணாம்புத்தூளில் வரைந்து நடக்க விடுங்கள்

முதல் வரைவு வந்ததும் 30 மீட்டர் துண்டை நிஜ அளவில் தரையில் போடுங்கள். 2 மீட்டர் பாதையில் இருவர் சேர்ந்து நடக்கும்போது எதிரே சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கத்தான் வேண்டும். 3 மீட்டர் வசதி. தாளில் இது யாருக்கும் உறைக்காது, தரையில் ஒரு நிமிடத்தில் உறைக்கும். சாய்தளம் 1:12: 90 சென்டிமீட்டர் ஏற 10.8 மீட்டர் நீளம் வேண்டும். அந்த இடம் அங்கே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பைக் நுழையாமல் கம்பம் நட எல்லோரும் கேட்பார்கள். பைக்கைத் தடுக்கும் இடைவெளி சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும் என்பதை அங்கேயே நாற்காலியை உருட்டிக் காட்டுங்கள்.

படி 7: பதில் பலகை

30 நாளுக்குள் மூன்று பத்தியில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்: கேட்டது, சேர்த்தது, சேர்க்காததற்குக் காரணம். மூன்றாவது பத்தியை விட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. அதே தாளின் நகலை, மாநகராட்சி, நகராட்சி என்றால் பகுதி சபையிலும், ஊராட்சி என்றால் கிராம சபையிலும் கொடுத்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கிராம சபைக்கு அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

கார்த்திகையில் முதல் பெருமழை அன்று சுவரில் போட்ட அந்தக் கோடுகளிடம் திரும்பப் போங்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த இடத்தில் பாதையை மேலே தள்ளி வரைய வேண்டும்.