ராக் குழுவோடு ஊர் ஊராகப் போன நாள்களை எழுத உட்காருபவர்களுக்கு

தொண்ணூறுகளில், கல்லூரி விழாக்களில் வாசிப்பதற்காகச் சென்னையிலிருந்து பெங்களூருக்கும் மும்பைக்கும் இரவு ரயில்களில் போய்வந்துகொண்டிருந்த ஒரு ராக் குழுவில் நான் பாஸ் கிட்டார் வாசித்தேன். எங்கள் டிரம்மர் அந்த நாள்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான்கு வரிக்கு மேல் நகரவில்லை என்று சென்ற மாதம் என்னிடம் வருத்தப்பட்டார். அவருக்குச் சொன்னவற்றை, அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், மேடையிலிருந்து தொடங்காதீர்கள். கைதட்டலையும் வெளிச்சத்தையும் பற்றி எழுதும்போது எல்லாக் குழுக்களின் கதையும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. மேடை ஏறுவதற்கு முன்னும் பின்னும் கழிந்த பொழுதில்தான் உங்கள் குழு தனியாகத் தெரியும். 1960 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவினர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போய் இந்திரா என்ற இரவு விடுதியில் 48 இரவுகள் வாசித்தார்கள். அங்கே எந்தப் பாடலை எதற்குப் பின் வாசித்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. ஆனால் பாம்பி கீனோ என்ற திரையரங்கில், திரைக்குப் பின்னால், கழிப்பறையை ஒட்டிய சரக்கறையில் அவர்கள் படுத்திருந்தார்கள் என்று ஒருமுறை படித்தது இன்றுவரை மறக்கவில்லை. உங்கள் குழு எங்கே தூங்கியது, யார் கிட்டாரை மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கால் நீட்ட முடியாமல் விடிய விடியக் கிடந்தார், டிரம்மரின் சிம்பல் தட்டுகள் இருந்த பையை யார் சுமந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

மேடையைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், உடம்பு அறிந்ததை எழுதுங்கள். எங்கள் பாடகர் கிட்டாரும் வாசிப்பவர். ஒரு கல்லூரியில் சவுண்ட் செக்கின்போது மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று அவருக்கு ஷாக் அடித்தது. ஆம்ப்ளிஃபயரைச் செருகியிருந்த பிளக் பாயிண்டில் எர்த் இணைப்பு இல்லை. கசிந்த மின்சாரம் கிட்டார் கம்பி வழியாகக் கைக்கு வந்து, உதடு வழியாக மைக்குக்குப் போயிருக்கிறது. இணைப்பைச் சரிசெய்ய ஆள் வரவில்லை. மைக்கின்மேல் பஞ்சு உறை மாட்டி, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றபடியே அன்று முழுவதும் அவர் பாடினார். அது செய்யக்கூடாத காரியம் என்று இன்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு விரல் தூரத்தைச் சொன்னாலே போதும். அன்றைய மேடை படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் பொருள்களைத் தேடி எடுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் பில் வைமன் ஆரம்ப காலம் முதல் நாள்குறிப்பு எழுதி, குழு சம்பந்தப்பட்ட பொருள்களையும் சேர்த்துவைத்தவர். நம்மில் பெரும்பாலோர் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் பழைய கிட்டார் பெட்டியின் பையில் ரயில் டிக்கெட்டோ, கைப்பட எழுதிய பாடல் வரிசையோ கட்டாயம் கிடக்கும். கேசட் கிடைத்தால் அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். சென்னையின் ஈரக்காற்றில் நாடாமேல் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கலாம். அதை அப்படியே போட்டால் பிளேயரின் ஹெட்டும் கெடும், நாடாவும் அறுந்துபோகலாம். பழைய நாடாக்களைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு, பாடல்களைவிடக் கவனமாக, பாடல்களுக்கு நடுவே நீங்கள் பேசிக்கொண்டதைக் கேளுங்கள். அரைக் குரலில் ஒருவர் “ஸ்ருதி இறங்கிடுச்சுடா” என்று சொல்வதைக் கேட்டபோது எனக்கு அந்த அரங்கமே திரும்பி வந்தது.

ஆண்டுகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். 1992-இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தோம் என்று நான் பல வருடங்கள் சொல்லிவந்தேன். அந்த விழாவுக்குச் சாரங் என்ற பெயர் 1996-இல்தான் வந்தது. அதுவரை அது மார்டி கிரா. பம்பாய் 1995-இல் மும்பையானதும், மெட்ராஸ் 1996-இல் சென்னையானதும் இப்படியே உதவும்: சுவரொட்டியில் அச்சான ஊர்ப் பெயரே அது எந்தக் காலத்தது என்று ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

குழுவினரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தால், நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். இருவர் சொல்வது ஒத்துப்போகாவிட்டால், யார் சொன்னது எது என்று குறிப்பிட்டு இரண்டையும் எழுதுங்கள். பணத்தை மறைக்காதீர்கள்: எவ்வளவு கிடைத்தது, வாடகை வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் போக ஆளுக்கு எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கு அந்த வாழ்க்கையை வேறு எதையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

சண்டைகளை எழுதும்போது, சம்பந்தப்பட்டவரிடம் அந்தப் பக்கத்தை முதலில் படிக்கக் கொடுங்கள். நான் எங்கள் பாடகரிடம் கொடுத்தேன். அவர் ஒரு வரியையும் வெட்டச் சொல்லவில்லை. அன்று இரவு தமக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சேர்க்கச் சொன்னார். முப்பது வருடங்களாக அது எங்கள் யாருக்கும் தெரியாது.