கன ஃபெர்மியான் எதிர்ஃபெர்ரோகாந்தங்களில் புலம் உண்டாக்கும் குவாண்டம் மாறுநிலையை உறுதி செய்வது எப்படி?

கன ஃபெர்மியான் உலோகங்கள் என்பவை, எலக்ட்ரான்கள் தம் இயல்பான நிறையைவிடப் பன்மடங்கு கனமானவை போல நடந்துகொள்ளும் உலோகங்கள். எதிர்ஃபெர்ரோகாந்த ஒழுங்கு, அதாவது அண்டை அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் ஒழுங்கு, கொண்ட அப்படிப்பட்ட ஓர் உலோகத்தில் காந்தப்புலத்தை உயர்த்திக்கொண்டே போனால் அந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை இறங்கி வரும். தனிச்சுழி வெப்பநிலையிலேயே, தொடர்ச்சியான மாற்றமாக, அது மறையும் புலமே குவாண்டம் மாறுநிலைப் புள்ளி. சொல்வதற்கு எளிதான இதை அளந்து நிறுவுவது கடினம். அண்டை அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்க முடியாதபடி படிக அமைப்பே தடுக்கும் பொருள்களில், அதாவது காந்தப் பிணக்கு உள்ள பொருள்களில், இன்னும் கடினம். மின்தடை வரைகோடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கூறக் கூடாது என்பதும், ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியைக் கேட்காமல் எந்த முடிவும் நிற்காது என்பதும் இவ்வழிகாட்டியின் நிலைப்பாடு.

முதலில் பிணக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்புத்திறன்களுக்கு இடையிலான விசையின் வலிமையைக் காட்டும் வைஸ் வெப்பநிலையை, ஒழுங்கு உண்மையில் தோன்றும் நீல் வெப்பநிலையால் வகுத்து, விகிதம் பெரிதாக இருந்தால் பிணக்கு உண்டு எனக் கொள்வது காப்புப் பொருள்களில் வழக்கம். கன ஃபெர்மியான் உலோகங்களில் அவ்விகிதத்தை நம்ப முடியாது. கடத்து எலக்ட்ரான்கள் திருப்புத்திறன்களை மறைக்கும் கோண்டோ விளைவும், சுற்றியுள்ள அணுக்களால் ஆற்றல் மட்டங்கள் பிரியும் படிகப்புலப் பிளவும் வைஸ் வெப்பநிலையைத் தாமாகவே பெருக்கிக் காட்டும். நியூட்ரான்களைப் படிகத்தில் சிதறவிட்டுக் காந்த ஒழுங்கைக் காணும் நியூட்ரான் விளிம்பு விளைவே இங்கே நல்ல சாட்சி. சீரியம், பலேடியம், அலுமினியம் மூன்றும் சம விகிதத்தில் சேர்ந்த சேர்மத்தில் சீரிய அணுக்கள் உருத்திரிந்த ககோமே வலையில், அதாவது முனைகளில் இணைந்த முக்கோணங்களால் ஆன வலையில், அமைந்துள்ளன, 2.7 கெல்வினுக்குக் கீழே அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஒழுங்குபட, எஞ்சிய ஒரு பங்கு ஒழுங்கில் சேராமலே நிற்கிறது. படிகத்தில் மூன்றும் ஒரே வகை இடங்களில் இருந்தும் இப்படி நேர்வதுதான் பிணக்கின் நேரடி அடையாளம்.

அடுத்தது, படிகத்தைப் புலத்தோடு சரியாக ஒருங்கமைப்பது. இதில் செலவிடும் ஒரு நாள் வீணாகாது. பிணக்குக்காக அல்லாமல், புலத்தால் எட்டும் மாறுநிலைக்காகப் பெரிதும் ஆராயப்பட்ட இட்டெர்பியம்-ரோடியம்-சிலிக்கான் சேர்மம் இதற்கு நல்ல பாடம். 70 மில்லிகெல்வினில் ஒழுங்குபடும் அதன் மாறுநிலைப் புலம், படிகத்தின் அடித்தளத்துக்கு இணையாகப் புலத்தைச் செலுத்தினால் ஏறக்குறைய 0.06 டெஸ்லா, அத்தளத்துக்குச் செங்குத்தான கடின அச்சில் செலுத்தினால் 0.66 டெஸ்லா. இரண்டுக்கும் இடையே பதினொரு மடங்கு வேறுபாடு இருப்பதால், கடின அச்சிலிருந்து படிகம் 5 பாகை சாய்ந்தாலே, நீள்வட்டக் கணக்கின்படி, மாறுநிலைப் புலம் 0.48 டெஸ்லா அளவுக்கு இறங்கிவிடும். மாதிரியின் வடிவத்தால் எழும் காந்தநீக்கப் புலத்தையும் கழிக்க வேண்டும். தட்டையான துண்டைவிட, புலத்தின் திசையில் நீண்ட ஊசி வடிவத் துண்டில் இத்திருத்தம் மிகச் சிறிது.

பிறகு, மாறாத வெப்பநிலையில் புலத்தை ஏற்றியும் இறக்கியும் காந்தமாக்கத்தை அளக்க வேண்டும். இரண்டு வரைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் தயக்கம் காட்டினால், அது முதல்வரிசை நிலைமாற்றம். அங்கே மாறுநிலைப் புள்ளியைத் தேடுவதில் பயனில்லை. மேற்சொன்ன சீரியச் சேர்மத்தில் திருப்புத்திறன்கள் எளிதில் திரும்பும் எளிய அச்சின் திசையில் புலத்தைச் செலுத்தினால் 3 டெஸ்லாவுக்கும் 4 டெஸ்லாவுக்கும் இடையே அடுத்தடுத்து மெட்டாகாந்தத் தாவல்கள், அதாவது காந்தமாக்கத்தில் திடீர் ஏற்றங்கள், வருகின்றன. பிணக்கு உள்ள பொருள்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. புலத்தை மெதுவாக மாற்றுங்கள். விரைவாக மாற்றினால் சுழல் மின்னோட்டங்கள் மாதிரியைச் சூடாக்கி, இல்லாத தயக்கத்தை இருப்பதாகக் காட்டும்.

தன்வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்த அளவு, வெப்பநிலை குறையக் குறைய மடக்கை முறையில் ஏறிக்கொண்டே போவது மாறுநிலையின் பெயர்பெற்ற அறிகுறி. ஆனால் மில்லிகெல்வின் பகுதியில் புலத்தில் பிளந்த அணுக்கரு ஆற்றல் மட்டங்களால் எழும் ஷாட்கி பங்களிப்பும் அதே போன்ற ஏற்றத்தைத் தரும். கணக்கிட்டுப் பாருங்கள்: 3 டெஸ்லா புலத்தில் அலுமினியக் கருவின் மட்டங்களுக்கு இடையிலான பிளவு ஏறக்குறைய 1.6 மில்லிகெல்வின், 50 மில்லிகெல்வினில் இதனால் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 0.025 ஜூல் அளவு தன்வெப்பம் சேர்கிறது. எலக்ட்ரான் பங்கு வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும்; அதன் கெழு ஒரு மோலுக்கு, கெல்வின் இருமடிக்கு 0.3 ஜூல் என்று கொண்டால், அதே வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் தருவது 0.015 ஜூல் மட்டுமே. கருவின் பங்கு புலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், வெப்பநிலையின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் மாறுவதால், பல புலங்களில் அளந்து அதைப் பிரித்தெடுக்கலாம். பிரிக்காமல் வரைந்த படத்தில் தெரியும் ஏற்றத்தை மாறுநிலைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இனி முக்கியமான அளவீடு. வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் காத்து, புலத்தைச் சிறிதளவு மாற்றி, மாதிரியின் வெப்பநிலை எவ்வளவு மாறுகிறது என்று அளப்பதே காந்த க்ரூனைசன் விகிதத்துக்கு, அதாவது அவ்வெப்பநிலை மாற்றத்தைப் புல மாற்றத்தாலும் வெப்பநிலையாலும் வகுத்த அளவுக்கு, வழி. மாறுநிலைப் புள்ளிக்கு அருகே என்ட்ரோபி குவிவதால், புலம் ஏறி அதை நெருங்கும்போது மாதிரி குளிரும், கடந்தபின் சூடாகும். ஆகவே அவ்விகிதம் அங்கே குறி மாறும். வெப்பநிலை குறைய, அதன் அளவு எல்லையின்றிப் பெருகும். எந்த மாறுநிலைக் கோட்பாடானாலும் இது பொருந்தும் என்று 2003இல் ஷு, கார்ஸ்ட், ரோஷ், சி ஆகியோர் காட்டினர். இந்த ஓர் அளவீட்டை வேறெதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எலக்ட்ரான்கள் வழக்கமான உலோகத்தில் போலவே நடந்துகொள்ளும் ஃபெர்மி திரவப் பகுதியில், இவ்விகிதத்தைப் புலத்துக்கும் மாறுநிலைப் புலத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கினால் மாறிலி கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையெனில், நீங்கள் தேர்ந்த மாறுநிலைப் புலத்தின் மதிப்பை மறுபடியும் பாருங்கள்.

மின்தடையைப் பொறுத்தவரை, அது வெப்பநிலையின் எத்தனையாவது அடுக்காக ஏறுகிறது என்பதற்கு முழு வரைகோட்டுக்கும் ஒரே அடுக்கைப் பொருத்த வேண்டாம். எஞ்சிய மின்தடையைக் கழித்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் அடுக்கைத் தனித்தனியே கணக்கிடுங்கள். குறைந்தது ஒரு பதின்மடங்கு வெப்பநிலை வீச்சில் அது நிலையாக நிற்காவிட்டால் அதற்குப் பெயர் சூட்டாதீர்கள்.

கடைசியாக, பிணக்கையும் மாறுநிலையையும் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் புலம் இரண்டையும் ஒருசேரக் கலைக்கிறது. ஒழுங்கில் சேராத திருப்புத்திறன்களும் என்ட்ரோபியைத் தேக்கிவைத்திருக்கும். அவை புலத்தில் திரும்பும்போது தோன்றும் அகன்ற தன்வெப்ப முகடு, புலத்துக்கேற்ப உயர்ந்த வெப்பநிலைக்கு நகரும். மாறுநிலைக்குரிய என்ட்ரோபி முகடோ, வெப்பநிலை குறையக் குறைய ஒரே புலத்தை நோக்கி ஒடுங்கும். ஒடுங்காமல், ஒரு புல வீச்சு முழுவதிலும் ஃபெர்மி திரவ நடத்தை திரும்பாமலே இருந்தால், உங்கள் முன் இருப்பது ஒரு மாறுநிலைப் புள்ளியாக இல்லாமல், புல வீச்சு முழுவதும் நீளும் ஒரு கட்டமாகவே இருக்கலாம். சீரிய-பலேடிய-அலுமினியச் சேர்மத்தில் அழுத்தத்தையும் புலத்தையும் சேர்த்து ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அப்படிப்பட்ட குவாண்டம் மாறுநிலைக் கட்டம் ஒன்றையே முன்வைத்தது. அந்நிலையில் ஒற்றை மாறுநிலைப் புலத்தைக் குறிப்பிடாமல், வீச்சின் இரு எல்லைகளையும் எழுதுங்கள்.