கேட் ஐ பாலிஷ்ல கோடு கலையாம நிக்க நான் செஞ்சது

ஆனித் தேரோட்டத்துக்குப் போட்டுக்கிடலாம்னு டவுண் ரதவீதில ஒரு ஃபேன்சி கடைல காந்தம் வச்ச கேட் ஐ நகப் பாலிஷ் (பூனைக் கண்ணு மாதிரி நடுவுல கோடு விழுறது) வாங்குனேன், கரும்பச்சை, அவ்ளோ அழகு. ஆனா காந்தத்தைக் காட்டுனதும் நடுவுல பளிச்சுனு வர்ற வெள்ளிக்கோடு கொஞ்ச நேரத்துல மங்கி, நகம் பூரா வெறும் மினுமினுப்பா ஆயிருது.

விஷயம் என்னன்னா அதுல நுணுக்கமா இரும்புத்தூள் கெடக்கு, பாலிஷ் ஈரமா இருக்கவரைக்கும்தான் அது காந்தத்துக்கு அசையும், ஈரத்தோட காந்தத்தை எடுத்துட்டா திரும்பப் பரவியும் போவும். நம்மூரு வெயிலுக்கு ஃபேனும் ஓடுனா மேல சட்டுனு காஞ்சிருது, அஞ்சு விரலுக்கும் அடிச்சு முடிக்கதுக்குள்ள மொத நகம் அசையவே அசையாது.

அதனால ஃபேனை ஆஃப் பண்ணிட்டேன். மொதப் பூச்சு மெல்லிசா போட்டு நல்லா காயவிட்டு, ரெண்டாவது பூச்சை ஒரே ஒரு நகத்துக்குக் கொஞ்சம் தாராளமா போட்டு, உடனே காந்தத்தை நகத்துல ஒட்டாம 3, 4 மில்லிமீட்டர் தள்ளி 15 வினாடி அசையாம பிடிச்சேன், பொறவு அடுத்த நகம். கடைசியா மேல பூசுற டாப் கோட் போடும்போது அடியில உள்ளது இளகி கோடு லேசா கலையும் பாத்துக்கோங்க, அப்பவே இன்னொருக்கா காந்தம் காட்டணும். இதத்தான் யாரும் சொல்ல மாட்டேங்காங்க, ஆனா இதுலதான் கோடு நிக்கு!

மதினிக்கு வெடிப்பு விழுற கிராக்கிள் பாலிஷ்தான் இஷ்டம். அதுக்கு அடியில போட்ட பூச்சு முழுசா காஞ்சிருக்கணும், கிராக்கிளை மெல்லிசா இழுத்தா பொடி வெடிப்பு, கனமா போட்டா பெரிய வெடிப்பு.