முட்டை சிக்கிய பாம்பு: என் அனுபவம்

நான் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத ஒரு வளர்ப்புப் பாம்பு) சட்டை உரித்த பத்தாம் நாள் 11 முட்டை இட்டது, ஆனால் வால் பக்கம் இரண்டு புடைப்பு அப்படியே நின்றுவிட, கையால் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கருக்குழாய் கிழிந்துவிடும். 2 நாள் பார்த்தேன், அசையவில்லை. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் மருந்து பாம்புகளுக்கு அவ்வளவாக வேலை செய்யாது, தாமதமானால் அதன் பலன் இன்னும் குறையும் என்று சொல்லி, ஊசியால் முட்டைக்குள் இருந்ததை உறிஞ்சி எடுத்தார். மறுநாள் காலை இரண்டும் காற்றுப்போன பை மாதிரி தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரம் கிடந்தன. முட்டையிட மறைவிடமே வைக்காதது என் தவறு. அடுத்த முறை சட்டை உரித்ததுமே ஈரப் பாசி நிரப்பிய மூடிய டப்பா வைத்தேன், அதோடு இணை சேர்ப்பதற்குப் பல மாதம் முன்பே பாம்பின் கூடுதல் எடையையும் மெதுவாகக் குறைத்தேன். அந்தத் தடவை ஒரே இரவில் எல்லாம் வந்துவிட்டன.