மொட்டை மாடியில் ஒரு மாலை நேர ரயில்: கழற்றி மாட்டும் தாங்கிகள் செய்வது எப்படி

சில மணி நேரத்துக்கு மட்டும் பாதை போட்டு, பிள்ளைகளுக்கு மாதிரி ரயில் ஓட்டிக் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தத் தோட்டமும் தனி அறையும் உள்ளவர்கள் நிரந்தரமாகவே பாதை போடலாம். என்னைப் போல வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. பள்ளிக்கூட மண்டபமும் பிறந்தநாள் வீட்டு முற்றமும் ஒரு நாளுக்கு மட்டும்தான் நமது. அதனால் பாதையைத் தாங்கும் கால்கள் மடங்கவும் வேண்டும், கழலவும் வேண்டும், திரும்ப மாட்டும்போது அதே மட்டத்தில் நிற்கவும் வேண்டும்.

என்னிடம் இருப்பது ஜெர்மனியில் உள்ள அண்ணா கொண்டுவந்து தந்த எல்ஜிபி செட். 1968 முதல் விற்பனையில் உள்ள பெரிய அளவு ரயில் அது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீற்றர். நேர்த்துண்டு ஒன்று 30 சென்ரிமீற்றர் நீளம். மிகச் சிறிய வளைவில் 12 துண்டுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், அதன் ஆரை 60 சென்ரிமீற்றர். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தப் பாதைக்குத்தான். வேறு அளவு ரயில் வைத்திருப்பவர்கள் பலகையின் அகலத்தையும் வளைவையும் மாற்றிக்கொண்டால் போதும், தாங்கியின் அமைப்பு அதேதான்.

தரையிலேயே போட்டால் என்ன என்று கேட்பார்கள். மொட்டை மாடித் தரை பார்க்கத்தான் மட்டம். மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று மேசன் அதைச் சரித்துத்தான் பூசியிருப்பார். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற கணக்கில் சரிவு இருந்தாலே நான்கு மீற்றர் பாதையின் இரு முனைகளுக்கும் நான்கு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்துவிடும். ஏற்ற இறக்கம் ரயிலுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. நம் மலைநாட்டுப் பாதையில் உண்மையான ரயிலே 44க்கு 1 என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. ஆனால் தரையின் சரிவு ஒரே சீராக இருக்காது, தண்ணீர்க் குழாயை நோக்கி எல்லாப் பக்கமும் மடிந்து மடிந்து போகும். அதோடு தரையில் உள்ள மண்ணும் தலைமயிரும் இன்ஜினின் பற்சக்கரங்களுக்குள் போய்ச் சிக்கும், ஓடி விளையாடும் பிள்ளைகளின் கால் பாதையில் படும். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. 70 சென்ரிமீற்றர் உயரத்தில் பாதை இருந்தால் ஆறு ஏழு வயதுப் பிள்ளை நின்றபடி பார்க்கலாம், என் அம்மா கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம். குனிய முடியாதவர்களும் சேர்ந்து ரசிக்கிற மாதிரி ரயில் ஓட வேண்டும்.

இரண்டு பலகைக்கு ஒரு தாங்கி

இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். ஒவ்வொரு பலகைக்கும் நான்கு கால் வைத்துத் தனித்தனி மேசைகளாகச் செய்து, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மேசையின் கால் இரண்டு மில்லிமீற்றர் இறங்கினால் அடுத்த மேசை இறங்காது. இணைப்பில் ஒரு படி விழும், அந்தப் படியில்தான் சக்கரம் ஏறித் தடம் புரளும்.

அதற்குப் பதிலாக இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் ஒரே தாங்கியை வைத்து, இரண்டின் முனைகளும் அதே குறுக்குக் கட்டையின் மேல் பாதி பாதியாக உட்காரும்படி செய்யுங்கள். தாங்கி இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், படி விழ வழியே இல்லை. பாதை ஒரு சுற்றாக மூடிக்கொள்வதால் எத்தனை பலகையோ அத்தனை தாங்கிதான் வேண்டும். தனி மேசைகள் என்றால் எட்டுப் பலகைக்கு முப்பத்திரண்டு கால்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பலகைகள்

12 மில்லிமீற்றர் பிளைவூட் போதும். எட்டுக்கு நான்கு அடித் தாளைக் குறுக்காக 20 சென்ரிமீற்றர் அகலத்தில் அரிந்தால், 1.2 மீற்றர் நீளப் பலகைகள் ஒரு தாளில் பன்னிரண்டு வரும். நேர்ப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாக நமக்கு நான்குதான் வேண்டும். மிச்சத் தாளில் வளைவுகளை வரையலாம், இடம் காணாவிட்டால் இன்னொரு அரைத் தாள் வாங்க வேண்டி வரும். மரக்காலையிலோ தாள் வாங்கும் கடையிலோ மெஷினில் அரிந்து தரச் சொல்லுங்கள், விளிம்பு நேராக வரும். 1.2 மீற்றருக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அதைவிட நீளமானால் லிஃப்டிலும் ஓட்டோவிலும் வைப்பது பெரும்பாடு.

வெறும் பிளைவூட் நடுவில் தொய்யும். அடியில் நீளவாட்டில் இரண்டு ரீப்பைகளை, 2க்கு 1 அங்குலம், நிமிர்த்தி வைத்துப் பசையும் திருகாணியும் போட்டு இறுக்குங்கள். ரீப்பை பலகையின் முனைவரை வரக்கூடாது. தாங்கியின் குறுக்குக் கட்டையின் அகலத்தில் பாதியளவு உள்ளே நின்றுவிட வேண்டும். அப்போதுதான் இரண்டு பலகைகளையும் வைத்ததும் இரு பக்க ரீப்பைகளின் முனைகளும் குறுக்குக் கட்டையை நடுவில் கவ்விப் பிடிக்கும், தாங்கி முன்பின் நகராது.

வளைவுகளைக் கால் வட்டமாக நான்கு செய்யுங்கள். உள் ஆரை 50, வெளி ஆரை 70 சென்ரிமீற்றர். ஒவ்வொன்றுக்கும் நேர்ப்பாதையோடு சேரும் பக்கத்தில் 15 சென்ரிமீற்றர் நேரான வால் ஒன்றை விட்டு வெட்டுங்கள். அந்த வால் இருந்தால் 30 சென்ரிமீற்றர் நேர்த்துண்டு ஒன்று பலகை இணைப்பின் மேல் பாலம்போலக் கிடக்கும், பலகை இணைப்பும் தண்டவாள இணைப்பும் ஒரே இடத்தில் வராது. நேர்ப்பலகைகளின் இணைப்பிலும் இதே கணக்கு தானாக அமையும். வளைவின் உச்சியில், இரண்டு கால் வட்டங்கள் சந்திக்கும் இடத்தில் மட்டும் இதைத் தவிர்க்க முடியாது. அங்கே திருகி இறுக்கும் உலோகப் பிடியால் தண்டவாளங்களை இணைத்துவிடுங்கள். மொத்தம் 18 நேர்த்துண்டும் 12 வளைவுத் துண்டும் வேண்டும். பாதையின் வெளியளவு சுமார் 4.1க்கு 1.4 மீற்றர்.

கால் வட்டப் பலகையில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். அதை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கினால் வெளிப்பக்கமாகக் கவிழும். வளைவின் பாரம் முனைகளை இணைக்கும் கோட்டுக்கு வெளியே விழுவதுதான் காரணம். சந்தேகமாக இருந்தால் பலகையின் இரு முனைகளையும் இரண்டு கதிரை விளிம்புகளில் வைத்துப் பாருங்கள், உடனே சாயும். அதனால் ஒவ்வொரு கால் வட்டத்தின் நடுவிலும், வெளி விளிம்புக்கு அடியில், ஒரு தனிக் கால் வேண்டும். பிள்ளைகள் முழங்கையை ஊன்றுவதும் அநேகமாக அங்கேதான்.

தாங்கி

மேலே 40 சென்ரிமீற்றர் நீளத்தில் 2க்கு 2 அங்குலக் குறுக்குக் கட்டை, கீழே அதே தடிப்பில் 50 சென்ரிமீற்றர் கட்டை. இரண்டையும் இணைக்க, கீழே சற்று அகலும்படி இரண்டு கால்கள், நடுவில் ஒரு மூலைவிட்டச் சட்டம். மூலைவிட்டத்தை விட்டுவிட்டால் தாங்கி பக்கவாட்டில் ஆடும், பிறகு எந்தத் திருகாணியும் அதை நிறுத்தாது. கீழ்க்கட்டை மேலதைவிட நீளமாக இருக்க வேண்டியது கட்டாயம். பாலம் பழுதாகும்போது ரயில்வேக்காரர்கள் சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தற்காலிகமாக முட்டுக் கொடுப்பதுண்டு. அங்கேயும் அடி அகலமாக இருந்தால்தான் உயரம் நிற்கும்.

கீழ்க்கட்டையின் இரு முனைகளிலும் துளை போட்டு, பல் வைத்த தட்டு நட்டு ஒன்றைக் கீழ்ப்பக்கமிருந்து அடித்துப் பதியுங்கள். அதற்குள் கீழிருந்து ஏறும் எம் 10 போல்ட்தான் பாதம். 10 சென்ரிமீற்றர் நீளப் போல்ட் வாங்குங்கள். தலை கீழே தரையில் இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு அது ஒன்றரை மில்லிமீற்றர் ஏறும் அல்லது இறங்கும். கால் சுற்றுத் திருப்பினால் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. இந்த நுட்பம்தான் நமக்குத் தேவை. மரத்துண்டும் அட்டையும் சொருகி மட்டம் பார்த்தால் ஒரு பிள்ளை இடித்தவுடன் எல்லாம் போய்விடும். பள்ளிக்கூட மண்டபத்தின் பளபளப்பான தரைக்குப் போல்ட் தலைக்கு அடியில் ஒரு றப்பர் துண்டு வையுங்கள்.

நட்டு, போல்ட், வொஷர் எல்லாம் புறக்கோட்டையில் கிடைக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள், அல்லது நாகப்பூச்சு உள்ளதையாவது வாங்கிக் கிரீஸ் தடவுங்கள். உப்புக்காற்றுப் பட்ட சாதாரணப் போல்ட் அடுத்த முறை திருகவே வராது. மரத்துக்கும் பூச்சு வேண்டும். பிளைவூட்டின் வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு தரம் அடியுங்கள், தண்ணீர் முதலில் நுழைவது அவ்வழியேதான்.

நேர்ப்பக்கத் தாங்கிகள் நீளவாட்டில் சாயாமலிருக்க, காலின் நடுவிலிருந்து பலகையின் அடி ரீப்பைக்கு ஒரு கோணல் முட்டு கொடுங்கள். கையாலேயே திருகக்கூடிய, இறக்கை வைத்த நட்டைப் போட்டால் சாவி தேட வேண்டியதில்லை. வளைவுப் பக்கத் தாங்கிகள் வெவ்வேறு திசை பார்த்து நிற்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

பலகைகளைப் பூட்டுவது

வெளிநாட்டில் இதற்கென்றே பித்தளை முளைகள் விற்கிறார்கள். நமக்குக் கதவுப் பிணைச்சலே போதும். 2 அங்குலப் பிணைச்சல்களை வாங்கி, நடு ஊசியைத் தட்டி எடுத்துவிட்டு, அதே தடிப்புள்ள கம்பியை ஒரு முனையில் வளைத்துப் போடுங்கள். இணைப்பின் இரு ஓரங்களிலும், பலகையின் மேற்பக்கத்தில், ஒவ்வொன்று. சிலிப்பர் கட்டைகளுக்கு வெளியே அதற்கு இடம் இருக்கிறது. பூட்டும் ஒழுங்கு முக்கியம்: இரண்டு பலகைகளையும் மட்டமான தரையில் முட்ட வைத்துக் கவ்வியால் இறுக்கிய பிறகே பிணைச்சலுக்குத் துளை போட வேண்டும். கம்பியைச் சொருகினால் பக்கமும் உயரமும் ஒன்றாக நேராகிவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் இரு பக்கப் பலகையிலும் ஒரே எண்ணை எழுதிவையுங்கள். கையால் செய்த இணைப்பு அதன் சோடியோடு மட்டும்தான் சரியாகப் பொருந்தும்.

பலகையின் இரு ஓரத்திலும் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு கரைச்சட்டம் அடியுங்கள், பிணைச்சல் உள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டு. தடம் புரண்டாலும் இன்ஜின் 70 சென்ரிமீற்றர் கீழே விழாது. பாதையைப் பலகையில் ஆணி வைத்து அடிக்க வேண்டாம், சும்மா கிடக்கட்டும். இங்கே வெயிலில் பித்தளை நன்றாக நீளும். ஒன்பது மீற்றர் பாதை 20 பாகை சூடேறினால் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் நீளும், இறுக்கி அடித்த பாதை வளைந்து எழும்பிவிடும்.

நிறுத்தி மட்டம் பார்ப்பது

தரையின் மிக உயரமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே தொடங்குங்கள். அந்தத் தாங்கியின் போல்ட்களை ஏறக்குறைய முழுதாக உள்ளே ஏற்றிவிடுங்கள், மற்றவற்றை இறக்கித்தானே சரிசெய்யப் போகிறோம். தூரத்து மட்டத்துக்கு மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயை விட நல்ல கருவி கிடையாது. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, இரு முனைகளிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தை ஒப்பிடுங்கள்.

அதன்பின் சின்ன ரசமட்டத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்து ஒவ்வொரு தாங்கியின் மேலும் பாருங்கள். இங்கே பொறுமை வேண்டும். 45 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஒரு பக்கம் ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்தால், அது நம் நாட்டு 1676 மில்லிமீற்றர் அகலப் பாதையில் 37 மில்லிமீற்றர் தாழ்வதற்குச் சமம். பாதை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால்கூட ரயில் ஓடிவிடும். ஒரு தாங்கியில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சாய்ந்தால்தான் ஆபத்து. பாதை முறுக்கிக்கொள்ளும், ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடாமல் தொங்கும். வளைவின் நடுக்கால்களின் போல்ட்களைக் கடைசியில் இறக்குங்கள், தரையைத் தொட்டதும் இன்னும் கால் சுற்று மட்டும் திருகுங்கள். அதற்கு மேல் திருகினால் பலகையைத் தூக்கிவிடும்.

முதலில் ஒரு பெட்டியை மட்டும் கையால் தள்ளி ஒரு சுற்று விடுங்கள். இணைப்பில் 'டக்' என்று ஒரே சத்தம் வந்தால் சரி, தடுக்கித் தாண்டுகிற மாதிரிக் கேட்டால் அங்கே திரும்பப் பாருங்கள். அப்புறம் இன்ஜினைப் பின்னால் வைத்துப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகவிடுங்கள். இழுக்கும்போது மறைந்திருக்கும் குறை தள்ளும்போது வெளியே வரும்.

மாடியில் காற்று அடித்தால் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேன்களைத் தாங்கிகளின் கீழ்க்கட்டை மேல் கட்டி வையுங்கள். பாதையைக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் ஒருபோதும் போடாதீர்கள். நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை ஏறப்போவது அந்தச் சுவரில்தான். 230 வோல்ட் மின்மாற்றி படிக்கட்டு அறைக்குள், நனையாத இடத்தில் இருக்கட்டும், பாதைக்குப் போகும் குறைந்த அழுத்த வயர் மட்டும் வெளியே வரட்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை சொல்லாமல் வரும். தை, மாசி மாதங்கள்தான் மாடிக்கு ஏற்ற காலம். வானம் கறுத்தால் முதலில் மின்சாரம், அப்புறம் இன்ஜின், பிறகு பாதை, கடைசியில் பலகை. பலகை நனைந்தால் துடைத்து நிழலில் காயவைக்கலாம்.

கழற்றியதும் பிணைச்சல் கம்பிகளையும் இறக்கை நட்டுகளையும் ஒரே டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை ஒன்றாம் எண் தாங்கியோடு கட்டிவிடுங்கள். பலகைகளை நிமிர்த்தி வைக்காமல் படுக்கையாக அடுக்குங்கள், சுவரில் சாய்த்து வைத்த பிளைவூட் சில மாதத்தில் வளைந்துவிடும். எனக்கு அவை கட்டிலுக்கு அடியில் சரியாக அடங்குகின்றன.